முகவரி மாறிய நன்றி

மே திங்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவரும் நாளன்று, அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டுத் தெருக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள். தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து வந்த தகப்பன், கண்களைத் தூக்கம் கவ்வியும் படுக்கப் போகாமல், கைப்பேசியும் கையுமாக நிற்பார். தேர்வெண்ணைத் தட்டுகிற விரல் நடுங்கும். எண்கள் வரிசையாக வந்து நிற்கும். பிறகு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூச்சல்! தாய் அழுவாள், தம்பி குதிப்பான், பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரைக் கிண்ணம் போகும்.

அந்தக் களிப்பைக் குறை கூறும் கல்நெஞ்சன் எவனும் நம் அணியில் இல்லை. வறட்டு வாதம் பேசுவோர், வாழ்வின் சுவை அறியாதோர் என்று நம்மை ஏசுவது மதவாதிகளுக்கு வாடிக்கை. நல்ல செய்தி வந்த வீட்டில் நாமும் சர்க்கரை தின்போம். ஒரு பிடி கூடுதலாகவே தின்போம்! நமது வழக்கு அந்த மகிழ்ச்சியோடு அன்று. மாலையில் அந்த வீட்டுக்குள் நுழைந்து, அதே மகிழ்ச்சியைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு போகிறதே, அந்த நன்றி மன்றாட்டோடுதான் நமது வழக்கு.

போதகர் வருவார். பாய் விரிப்பர். காலையில் துள்ளிய பெண் முக்காடிட்டு முழந்தாளிடுவாள். தோத்திரம், தோத்திரம் என்று குரல்கள் உயரும். அவள் அறிவால் ஆனது அன்று, அவள் உழைப்பால் ஆனது அன்று, எல்லாம் கர்த்தருடைய கிருபையால் ஆயிற்று என்று அவள் காதுபடவே அறிக்கை செய்யப்படும். ஞாயிறன்று சபையில் அதே கதை சாட்சியாக மறுபடியும் ஒலிக்கும். சாட்சி முடிந்ததும் தோத்திரக் காணிக்கை உறைக்குள் அடங்கும். கத்தோலிக்கர் வீடானால் நன்றித் திருப்பலி. இந்து வீடானால் திருவேற்காட்டில் பொங்கல், திருத்தணியில் மொட்டை. உறையும் உண்டியலும் உடன்பிறப்புகள். அதில் ஐயம் வேண்டா.

கிருபை! அந்தச் சொல்லைச் சற்றே கையில் எடுத்துப் பாருங்கள். அதற்குப் போதகர்களே பொருள் சொல்வார்கள்: தகுதி இல்லாதவனுக்குக் கிடைக்கும் தயவு என்று. பதினேழு வயதுப் பெண், பன்னிரண்டு ஆண்டு படித்து, விளக்கடியில் கண் சிவந்து, வென்று வந்து நிற்கிறாள். வென்ற நாளன்றே அவளுக்குச் சொல்லித் தரப்படும் பாடம், நீ தகுதி அற்றவள், உனக்குக் கிடைத்தது தயவு என்பது!

தயவுதானா? கணக்கைப் புரட்டுவோம்.

1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம்விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பகலுணவு தரத் தொடங்கினாரே, அங்கே தொடங்குகிறது இந்தப் பெண்ணின் மதிப்பெண் பட்டியல். நீதிக்கட்சி ஆட்சியில் 1921-ல் வந்த வகுப்புரிமை ஆணை, ஏட்டளவில் கிடந்து, 1928-ல் முத்தையா முதலியார் கையால் நடைமுறைக்கு வந்தது; அது அடுத்த வரி. விடுதலை பெற்ற நாட்டில் அந்த ஆணையையே கொல்லத் துணிந்தார்கள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாத செண்பகம் துரைராசன் என்ற அம்மையாரின் பெயரால் வழக்கு நடந்தது. 1950-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது; 1951-ல் உச்சநீதிமன்றமும் ஆமாம் போட்டது. அன்று யாரும் முழந்தாளிடவில்லை, தெருவில் இறங்கினார்கள். பெரியார் முழங்கினார்; மாணவர் திரண்டனர்; கடைகள் அடைக்கப்பட்டன. அதே 1951-ல், அரசியல் சட்டம் பிறந்து பதினேழு திங்கள் முடிவதற்குள், முதல் திருத்தம் வந்தது. இந்தியா முழுவதும் பின்தங்கியோர் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு திறக்கும் சாவி அந்தத் திருத்தத்தில் இருக்கிறது.

பட்டியல் முடியவில்லை. 1953-ல் ஆச்சாரியார், அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். வண்ணான் மகன் வெளுக்கட்டும், குயவன் மகன் வனையட்டும் என்பது அதன் உட்பொருள். நாடு கொதித்தது. 1954-ல் அவர் பதவியும் போயிற்று, காமராசர் கையால் அந்தத் திட்டமும் போயிற்று. 1956-ல் காமராசர் பகலுணவை மாநிலத்துக்கே விரித்தார், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார், கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது, 2022-ல் காலை உணவும் தொடங்கிற்று. 2020-ல் அரசுப் பள்ளி மாணாக்கருக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை விழுக்காடு என்று சட்டம் வந்தது. இவற்றுள் ஒன்றேனும் வானத்திலிருந்து இறங்கியதா? மன்னாவைப் போல விடியற்காலையில் வாசலில் கிடந்ததா? ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு, நாள் உண்டு, எதிர்த்து நின்றவர் உண்டு, சிறை சென்றவர் உண்டு.

இதை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறேன்? மேனாம்பேட்டுப் பெண் நாளை கல்லூரிக்குப் போவாள். அங்கே மேட்டுக்குடி மாணவன் ஒருவன் அவளைப் பார்த்து, உனக்குத் தகுதி இல்லை, சலுகையால் வந்தவள் நீ என்பான். கேட்டீர்களா ஒற்றுமையை! தகுதியற்றவளுக்குச் சலுகை என்கிறான் அவன். தகுதியற்றவளுக்குத் தயவு என்கிறார் போதகர். முன்னவன் பகைவன், பின்னவர் அன்பர். ஆயினும் இருவர் வாயிலும் ஒரே வாசகம்! வீட்டுப் பாயில் முழந்தாளிட்டு அதை ஒப்புக்கொண்ட பெண், கல்லூரி முற்றத்தில் எப்படி அதை மறுத்து நிற்பாள்? உரிமை என்று அறிந்தவள், பறிக்க வருபவனின் கையைத் தட்டிவிடுவாள். அருள் என்று நம்பியவளோ, அது பறிபோகும்போதும் தன் பாவத்தைத்தான் தேடுவாள். ஆண்டவன் கொடுத்தார், ஆண்டவன் எடுத்தார் என்பாள். எடுத்தவன் ஆண்டவன் அல்லன், ஆணை பிறப்பித்த ஒருவன் என்பது அவள் கண்ணுக்குத் தெரியாது.

நன்றி வேண்டாம் என்கிறோமா? நன்றியைப் பற்றித் தமிழனுக்கு வெளியார் வந்து வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வகுத்தார். எங்கே வைத்தார் என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். நூலின் வாயிலிலேயே கடவுள் வாழ்த்து இருக்கிறது. நன்றியறிதலை அதன் அருகே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. பதினோராம் அதிகாரமாக, இல்லறவியலில், இனியவை கூறலுக்கும் நடுவு நிலைமைக்கும் இடையே வைத்தார். பத்துக் குறளிலும் பேசப்படுவது மனிதன் மனிதனுக்குச் செய்த உதவி. தக்க வேளையில் செய்தது, கைம்மாறு கருதாது செய்தது, துயர் நீக்கியவரின் தோழமை என்று அளந்து அளந்து பேசுகிறார். அந்த நன்றிக்கு முகம் உண்டு, முகவரி உண்டு. தோத்திர மன்றாட்டு செய்வதெல்லாம், உறையின்மேல் எழுதியிருந்த அந்த முகவரியை அடித்துவிட்டு வேறு முகவரி எழுதுவதுதான்.

பிள்ளைப்பேற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் செய்திகளிலெல்லாம் இனிய செய்தி அதுதானே! இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டுப் பொது மன்றாட்டு நூலில், பிள்ளை பெற்ற தாய் கோயிலுக்கு வந்து நன்றி செலுத்துவதற்கென்றே ஒரு சடங்குமுறை இருக்கிறது. காணிக்கையை மறவாது செலுத்த வேண்டும் என்ற குறிப்பும் உடன் இருக்கிறது. ஐரோப்பாவின் தாய்மார்கள் நூற்றாண்டு நூற்றாண்டாகத் தேவாலயங்களில் நன்றி செலுத்தினார்கள். நூற்றாண்டு நூற்றாண்டாகப் பிரசவக் காய்ச்சலில் செத்தும் போனார்கள். 1847 ஏப்ரலில் வியன்னா மருத்துவமனையின் ஒரு பிரிவில் நூறு தாய்மாருக்கு 18 பேர் மாண்டனர். செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வராதீர்கள், குளோரின் கரைசலில் கை கழுவுங்கள் என்றார். சூலைக்குள் அந்தச் சாவு நூற்றுக்கு 2-க்கும் கீழே இறங்கிற்று! அத்தனை நூற்றாண்டுத் தோத்திரம் செய்யாததை ஒரு கிண்ணம் மருந்து நீர் மூன்றே திங்களில் செய்தது. அந்த மனிதனுக்கு உலகம் காட்டிய நன்றி என்ன தெரியுமா? ஏளனம். 1865-ல் மனநோய் விடுதியில் செத்தார். அவருக்காக எந்த நாட்டில், எந்தத் தாய், எந்த ஞாயிறன்று முழந்தாளிட்டாள்?

நம் நாட்டுக் கணக்கும் கேளுங்கள். 2018 முதல் 2020 வரையிலான அரசுக் கணக்கெடுப்பின்படி, உயிருடன் பிறக்கும் இலட்சம் குழந்தைகளுக்கு, பேற்றின் காரணமாக இறந்த தாய்மார் அசாமில் 195 பேர், தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. தாயும் சேயும் நலம் என்பது கிருபையால் என்றால், அந்தக் கிருபை மாநில எல்லையைப் பார்த்து நடப்பானேன்? வாளையாறு தாண்டினால் கர்த்தருக்குக் கருணை கூடுகிறதா? பிரம்மபுத்திராக் கரையில் வற்றிவிடுகிறதா? கூடுவதும் குறைவதும் செவிலியர், மருந்து, சாலை, பெண்கல்வி. பட்டறை வேலைக்காரன் மனைவிக்கு நள்ளிரவில் வலி கண்டால் ஓடி வருவது 2008 முதல் 108 ஊர்தி. அந்த ஓட்டுநரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்ட வீடு எத்தனை?

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். கிறித்தவத் தொண்டர்கள் கட்டிய பள்ளிகளும் மருத்துவமனைகளும் இந்த நாட்டுக்குச் செய்த நன்மையை மறைப்பவன் பகுத்தறிவாளன் ஆகான். திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று பெண்கள், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற மூடக் கட்டுப்பாட்டால் பேற்றில் மாண்டார்கள். அதைக் கண்டு துடித்தவர் ஐடா ஸ்கட்டர். அந்த வீட்டில் மன்றாட்டுக்கா பஞ்சம்? சமயத் தொண்டரின் வீடு அது! ஆனால் அவர் மன்றாட்டோடு நிற்கவில்லை. கப்பலேறிப் போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி கண்டார். ஐடா ஸ்கட்டருக்கு நன்றி சொல்லுங்கள். ஆயிரம் முறை சொல்லுங்கள். நாமும் சேர்ந்து சொல்வோம். அவரே கடவுளுக்குத்தான் நன்றி சொல்லியிருப்பார் என்பீர்கள். சொல்லியிருப்பார். அது அவருடைய அடக்கம். உதவி பெற்றவன் அந்த அடக்கத்தை ஏற்றுக்கொண்டு உதவியவரை மறப்பது பண்பா?

நன்றி மன்றாட்டின் கொடிய முகத்தை இனித்தான் காணப் போகிறோம். 2004 திசம்பர் 26, காலை. கிறித்துமசுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் பயணியர் கூட்டம். ஆழிப்பேரலை வந்தது, கரையில் நின்ற நூற்றுக்கணக்கானோரை வாரிச் சென்றது. கோயில் கட்டடம் தப்பிற்று. உள்ளே வழிபாட்டில் இருந்தோர் தப்பினர். உடனே எழுந்தது என்ன சொல்? புதுமை! அன்னையின் அருள்! தோத்திரம்! தப்பியவனின் நெஞ்சு நன்றியால் நிரம்புவதை நான் பழிக்கவில்லை. உயிர் தப்பியவன் எதையும் பற்றிக்கொள்வான். ஆனால் அந்த நன்றிக்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறதே! என்னைக் காத்தார் என்றால், மணலில் கிடந்த குழந்தையைக் காக்கவில்லை என்று பொருள். அதுவும் அதே கோயிலைத் தேடி வந்த குழந்தைதான். முந்தின நாள் அதே பாட்டைப் பாடிய குழந்தைதான். தாயற்ற ஒரு பிள்ளையின் காதில் விழும்படி, என் தாயைக் காத்த தேவனே என்று பாடுவது எவ்வளவு இரக்கமற்ற செயல்!

தேர்வு முடிவு நாளும் சிற்றளவில் அதே கதை. கரும்பலகையின் முன் நிற்பவன் என்பதால் சொல்லுகிறேன், சாட்சி சொல்லும் பெண்ணின் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும் தொலைவில், இரண்டு பாடத்தில் தவறிய பையன் ஒருவன் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பான். அவன் வீட்டிலும் மன்றாடினார்கள். அவன் எழுதுகோலும் எண்ணெய் பூசப்பட்டதுதான். அவனுக்கு யாரும் நேராக எதுவும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவளுக்குக் கர்த்தர் கொடுத்தார் என்ற சொல்லிலேயே அவனுக்கான தீர்ப்பும் அடங்கிவிட்டது. விசுவாசம் போதவில்லை, எங்கோ பாவம் என்று அவனே முடித்துக்கொள்வான். கணக்கில் அவன் தவறியதற்கு அடித்தளம் ஏழாம் வகுப்பில் விட்டுப்போன பின்னம். மாலையில் பட்டறையில் எடுபிடியாய் நின்ற நேரம். அதைச் சொன்னால் துணைத்தேர்வுக்குள் சரி செய்யலாம். பாவத்தை எந்தப் பயிற்சி வகுப்பில் சரி செய்வது?

கிறித்தவ அன்பர்கள் சினவாமல் தங்கள் வேத நூலையே திறந்து பார்க்கட்டும். லூக்கா எழுதியதில் ஒரு கதை வருகிறது: கோயிலில் நின்று, மற்றவர்களைப் போல் நான் இல்லை என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்தினான் ஒரு பரிசேயன். அந்த நன்றியை ஏசு ஏற்கவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு தொலைவில் நின்ற வரிதண்டுபவனையே உயர்த்திச் சொன்னார். இன்றைய சாட்சிகளில் பரிசேயனின் குரல் எத்தனை, எண்ணிப் பாருங்கள். அதே நூலில் தொழுநோயாளர் பதின்மர் கதையும் உண்டு. குணமான பின் திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவனே, அவனும் சமாரியன். கடவுளைப் புகழ்ந்துகொண்டேதான் வந்தான், மறுக்கவில்லை. ஆனால் நடந்து வந்தான்! தனக்கு உதவியவர் இன்னார் என்று அறிந்து, அவர் நிற்கும் இடம் தேடி வந்தான். நம் வீடுகளில் கூரையை நோக்கிக் கை விரிப்போர் உண்டு. பள்ளிச் சமையலறை வரை நடந்து செல்வோர் யார்?

மனிதருக்கும் நன்றி சொல்லுங்கள் என்று நாங்களும் சொல்கிறோமே, கடவுள் மனிதர் வழியாகத்தானே செயல்படுகிறார் என்பது அடுத்த மறுமொழி. நல்ல தந்திரம்! நல்லது நடந்தால் மனிதர் கருவி, கடவுள் கர்த்தா. தீயது நடந்தால் மட்டும் மனிதரே குற்றவாளி. வரவு எல்லாம் முதலாளிக்கு, இழப்பு எல்லாம் கூலியாளுக்கு! அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் எந்தத் தொழிலாளியும் இந்தக் கணக்கை ஒப்பமாட்டான். ஆலய வாசலில் மட்டும் ஒப்புகிறான். மன்னர்கள் இந்தக் கணக்கை நன்கு கற்றிருந்தனர். 1743-ல் தெட்டிங்கன் போரில் பிரெஞ்சுக்காரரை வென்றதற்காக ஆங்கில அரசு கடவுளுக்கு நன்றி செலுத்த, ஆண்டெல் என்ற இசைப் பேரறிஞர் தோத்திரப் பண் அமைத்தார். களத்தில் கிடந்த பிரெஞ்சுப் படைவீரனும் அதே கடவுளைத்தான் தொழுதவன்.

இங்கர்சால் 1897-ல் நன்றித் திருநாள் சொற்பொழிவு என்றே பெயரிட்டு ஒன்று நிகழ்த்தினார். நாம் யாருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டோம் என்று கேட்டு, கோயில்களை ஒரு பக்கம் வைத்து, அறிவியலாரையும் கண்டுபிடிப்பாளரையும் விடுதலைக்கு உழைத்தோரையும் மறுபக்கம் வைத்து நிறுத்துப் பார்த்தார். அவர் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆனபின், 2006-ல், டேனியல் டென்னட் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர், இதயத்தின் பெருந்தமனி கிழிந்து, ஒன்பது மணி நேர அறுவைக்குப் பின் பிழைத்தார். உமக்காக மன்றாடினோம் என்றார்கள் நண்பர்கள். அவர் எழுதிய கட்டுரையிலோ நன்றி போய்ச் சேர்ந்தது மருத்துவருக்கு, செவிலியருக்கு, ஆய்வுக்கூடத்தாருக்கு, அறையைத் துடைத்தவருக்கு, துணி வெளுத்தவருக்கு. துணி வெளுத்தவர் வரை நினைவு வைத்த அந்த உள்ளத்தையா நன்றியற்ற நாத்திகம் என்பீர்கள்?

நாடு இருக்கும் இருப்பில், சிறுபான்மையரை ஏன் சீண்டுகிறாய் என்று கேட்கும் தோழரும் உண்டு. அவர் கவலை எனக்குப் புரிகிறது. 2023-ல் சந்திரயான் கிளம்புமுன் அதன் சிறு மாதிரியைத் திருப்பதிக்கு எடுத்துச் சென்றார்களே, அதைச் சிரித்துவிட்டு இதை விட்டால் நாம் நடுவர் ஆகோம். நிலவைத் தொட்ட அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வே ஊழியரின் மகன். அவர் படித்த பள்ளிக்கு யார் காணிக்கை செலுத்தினார்கள்?

சிறுபான்மையர்மீது உண்மையில் அக்கறை உள்ளவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மேனாம்பேட்டிலும் சுற்றிலும் முழந்தாளிடுவோருள் பெரும்பகுதி யார்? ஒடுக்கப்பட்ட மக்கள். தெருவில் நடக்கவிடாத ஊரை விட்டு, தலை நிமிர இடம் தேடிப் போனவர்கள். அவர்களுக்கு அரசு செய்தது என்ன? 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மூன்றாம் பத்தி: இந்து அல்லாதவன் பட்டியல் சாதியான் ஆகான். 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஓர் இடம், அவ்வளவே. சேரியில் சாதி போகவில்லை, கல்லறைத் தோட்டத்தில்கூடப் போகவில்லை. சான்றிதழில் மட்டும் போய்விட்டதாம்! 2007-ல் இரங்கநாத் மிசுரா ஆணையம், பட்டியலையும் மதத்தையும் பிரித்துவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி பாலகிருட்டிணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைத்தார்கள். எழுபது ஆண்டுக்கு மேலாக நடக்கும் இழுத்தடிப்பு இது.

அந்தப் பெண்ணுக்கு உரியது எவ்வளவு பறிக்கப்பட்டது என்று சொல்லாமல், கிடைத்ததற்குத் தோத்திரம் செய் என்று மட்டும் சொல்பவர் அவளுக்கு நண்பரா? நற்செய்தி கேட்ட மரியாள் பாடியதாக லூக்கா எழுதுவது வெறும் நன்றிப்பாட்டா? ஆள்வோர் இருக்கையிலிருந்து கவிழ்வதும், பசித்தவர் வயிறு நிறைவதும், செல்வர் வெறுங்கையோடு திரும்புவதும் அதில் உண்டு. அந்தப் பகுதி வந்ததும் நம் போதகர்களின் குரல் ஏனோ தாழ்ந்துவிடுகிறது.

மூன்றாம் பத்தி நீங்க வேண்டும் என்று தலித் கிறித்தவர்கள் தலைநகரத் தெருக்களில் நின்றிருக்கிறார்கள். நீதிமன்றப் படிகளில் காத்திருக்கிறார்கள். கழகத் தோழர்கள் அவர்கள் பக்கத்தில் போய் நிற்கட்டும். அது நீங்கும் நாளில் தோத்திரக் கூட்டங்கள் எழும், ஒலிபெருக்கிகள் முழங்கும். வழக்குத் தொடுத்தவர் யார், அறிக்கை எழுதியவர் யார், வெயிலில் நின்றவர் யார் என்ற பட்டியலை அதற்குள் நம் மாணாக்கர் எழுதி முடித்திருக்க வேண்டும். எந்தத் தெருவிலும் ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப் பொழுதும் போதும்; வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.